இணைப்பு பாதுகாப்பானதல்ல: பழுது நம்மிடமா, அவர்களிடமா?

பல்கலைக்கழக விண்ணப்பம், கல்விக் கடன் பாரம், விடுதிப் பதிவு, தேர்வு முடிவு என்று மாணவர் வாழ்க்கையின் முக்கிய நாள்கள் எல்லாம் இன்று ஏதாவதோர் இணையத்தளத்தின் முன்தான் கழிகின்றன. கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரம். திடீரென்று திரை மாறுகிறது. சிவப்பு முக்கோணம் ஒன்று தோன்றி, உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்கிறது. கீழே சிறிய எழுத்தில் ‘அட்வான்ஸ்ட்’ என்ற பொத்தான். அதை அழுத்தினால், ஆபத்து இருந்தாலும் தொடரலாம் என்று இன்னொரு வழி.

புலனக் குழுவில் கேட்டுப் பாருங்கள். பதில் அரை நிமிடத்தில் வந்துவிடும்: “அட்வான்ஸ்ட் அமுக்கிட்டு உள்ள போ லா, ஒன்னும் ஆகாது.”

பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். அதனால்தான் இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் நாம் தட்டப்போவது அடையாள அட்டை எண், பெற்றோரின் வருமானம், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல். ஆகவே அந்த எச்சரிக்கை என்ன சொல்கிறது என்பதைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அதைப் படிப்பது கடினமும் அல்ல. பழுது நம் கருவியிலா, நாம் இணைந்திருக்கும் வைஃபையிலா, எதிர்ப்பக்கத்துச் சர்வரிலா என்பதை அந்த எச்சரிக்கையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

குடிநுழைவு முகப்பில் நடப்பது போல

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் போகிறவர்கள் கடப்பிதழைக் காட்டுகிறார்கள். அங்குள்ள அதிகாரிக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அந்தக் கடப்பிதழை வெளியிட்ட மலேசிய அரசாங்கத்தைத் தெரியும். அரசாங்கத்தின்மேல் உள்ள நம்பிக்கையில்தான் அவர் நம்மை உள்ளே விடுகிறார். அப்போதும் நான்கு விஷயங்கள் பார்க்கப்படுகின்றன. பெயரும் முகமும் ஒத்துப்போகின்றனவா? காலாவதி ஆகிவிட்டதா? வெளியிட்டவர் யார்? காணாமற்போனதாகவோ ரத்து செய்யப்பட்டதாகவோ பதிவு உண்டா?

இணையத்திலும் இதேதான். பாதுகாப்பான இணைப்புக் கொண்ட ஒவ்வொரு தளத்தின் சர்வரும் ஒரு சான்றிதழை வைத்திருக்கிறது. நாம் தளத்தைத் திறந்தவுடன் சர்வர் அதைக் காட்டுகிறது. நம் உலாவி அதே நான்கு கேள்விகளைக் கேட்கிறது: பெயர், தேதி, வெளியிட்டவர், ரத்து. ஒரு கேள்விக்குப் பதில் சரியில்லை என்றாலும் சிவப்பு முக்கோணம் வந்துவிடும்.

வெளியிட்டவர் என்ற இடத்தில் ஒரு சங்கிலி இருக்கிறது. நம் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ‘வேர்ச் சான்றிதழ்கள்’ தயாரிக்கும்போதே வைக்கப்பட்டுள்ளன. இந்த வேர் நிறுவனங்கள் நேரடியாக ஒவ்வொரு தளத்துக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. இடைநிலைச் சான்றிதழ் ஒன்றுக்குக் கையெழுத்திடுகின்றன. அந்த இடைநிலைச் சான்றிதழ்தான் தளத்தின் சான்றிதழுக்குக் கையெழுத்திடுகிறது. தளம், இடைநிலை, வேர் என்று மூன்று கண்ணிகளும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும்.

சான்றிதழ் என்பது யாரும் பார்க்கக்கூடிய, நகலெடுக்கக்கூடிய ஒன்று. நகலெடுத்தவர் ஏமாற்ற முடியாதபடி காப்பது, சர்வர் மட்டும் வைத்திருக்கும் ரகசியச் சாவி. கடப்பிதழை நகலெடுக்கலாம், கட்டைவிரல் ரேகையைக் கொடுக்க முடியாது அல்லவா, அதுபோல. அந்தச் சாவி வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

2011 நவம்பர்: மலேசியாவின் பெயர் அடிபட்ட மாதம்

மின்னியல் கையொப்பத்துக்கு மிக முன்னதாகவே சட்டம் இயற்றிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 1997ஆம் ஆண்டின் மின்னியல் கையொப்பச் சட்டம் 1998 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. சான்றிதழ் வெளியிடும் நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. அப்படி உரிமம் பெற்ற நிறுவனங்களில் ஒன்று டிஜிசெர்ட் சென்டிரியான் பெர்ஹாட். அமெரிக்காவில் அதே பெயரில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மலேசிய டிஜிசெர்ட் ஓர் இடைநிலை நிறுவனமாக இயங்கியது. எண்ட்ரஸ்ட், வெரிசோன் ஆகிய இரு நிறுவனங்களின் வேர்ச் சான்றிதழ்களின் கீழ் அது சான்றிதழ் வழங்கியது. 2011 நவம்பரில், அது வெளியிட்ட 22 சான்றிதழ்களில் குறை இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. முதல் குறை, சாவியின் நீளம். அவை 512 பிட் நீளமுள்ள சாவிகளைப் பயன்படுத்தின. இரண்டாவது, இந்தச் சான்றிதழ் எதற்கு மட்டும் செல்லும் என்ற வரம்பு அவற்றில் எழுதப்படவில்லை. மூன்றாவது, ரத்து செய்யப்பட்டதா என்று சரிபார்ப்பதற்கான தகவலும் இல்லை.

512 பிட் என்பது ஏன் குறை? ஆர்எஸ்ஏ வகைச் சாவி இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் எண்ணில் நிற்கிறது. பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையிலிருந்து அந்த இரு பகா எண்களையும் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்துவிட்டால் ரகசியச் சாவி கையில். 512 பிட் என்றால் 155 இலக்கங்கள். அந்த நீளமுள்ள எண்ணை ஆய்வாளர்கள் 1999 ஆகஸ்டிலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். அப்போது நூற்றுக்கணக்கான கணினிகளும் பல மாதங்களும் தேவைப்பட்டன. 2015இல் வேறு ஆய்வாளர்கள் வாடகைக் கணினிகளைக் கொண்டு அதையே நான்கு மணி நேரத்துக்குள், சுமார் 75 அமெரிக்க டாலர் செலவில் செய்து முடித்தார்கள். இன்று தளங்கள் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ சாவி குறைந்தது 2048 பிட், அதாவது 617 இலக்கங்கள்.

அந்த மாதம் 14ஆம் தேதி பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் இன்னொரு செய்தியை வெளியிட்டது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டியின் தளத்துக்குரிய சான்றிதழைக் கொண்டு கையெழுத்திடப்பட்ட தீங்கு நிரல் ஒன்று புழக்கத்தில் இருந்தது. பிடிஎஃப் கோப்புக்குள் மறைந்து வந்து, அடோப் ரீடர் 8இன் ஓட்டை வழியாகக் கணினிக்குள் இறங்கும் நிரல் அது. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கையெழுத்து, கெட்டவர்கள் எழுதிய நிரலின்மேல். எதற்கு மட்டும் செல்லும் என்ற வரம்பு இல்லாமற்போனதன் விளைவு இதுதான். இணையத்தளத்துக்காக வாங்கிய சான்றிதழ் மென்பொருளுக்கும் முத்திரையாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சான்றிதழ் செப்டம்பர் மாத இறுதியிலேயே காலாவதியாகியிருந்தது. அதனால் செய்தி வெளிவந்த நேரத்தில் அந்தக் கையெழுத்தால் கிடைத்த மதிப்பு குறைந்துவிட்டது. ‘காலாவதித் தேதி எதற்கு, சும்மா தொல்லை’ என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில்.

உலாவி நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. மொசில்லா நவம்பர் 3ஆம் தேதியும், மைக்ரோசாஃப்ட் 10ஆம் தேதியும், மலேசிய டிஜிசெர்ட்டின் இடைநிலைச் சான்றிதழ்களை இனி நம்பப்போவதில்லை என்று அறிவித்தன. யாரோ பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கியதாக ஆதாரம் இல்லை, ஆனால் பலவீனமான சாவிகள் தவறாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டன என்பது அவர்கள் தந்த காரணம்.

இதன் பொருளை ஒரு சாதாரணப் பயனரின் இடத்திலிருந்து பாருங்கள். அந்த இடைநிலைச் சான்றிதழ்களின் கீழ் சான்றிதழ் வாங்கியிருந்த தளங்களில் எந்தத் தவறும் செய்யாதவையும் இருந்திருக்கும். உலாவியைப் புதுப்பித்த மறுநாள் அவையும் எச்சரிக்கை காட்டும். அப்போது பயனர் தன் கணினியில் எதைத் திருகினாலும் பழுது தீராது. வேறு நிறுவனத்திடம் புதுச் சான்றிதழ் வாங்கிப் பொருத்த வேண்டியவர் தளத்தின் உரிமையாளர்தான். ‘அட்வான்ஸ்ட் அழுத்திப் போங்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால், அது பழுதை நீக்காது, எச்சரிக்கையை மறைத்துவிடும், அவ்வளவுதான்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். குரோம் உலாவியில் எச்சரிக்கைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

‘செர்ட் டேட் இன்வேலிட்’ என்றால் தேதியில் சிக்கல். சான்றிதழின் தேதியைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் கருவியின் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினியை நீண்ட நாள் மூடி வைத்திருந்தால், உள்ளே இருக்கும் சிறிய வட்ட பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். அந்தக் கணினியைப் பொறுத்தவரை எல்லாத் தளங்களின் சான்றிதழும் ‘இன்னும் பிறக்காத’ சான்றிதழ்கள். தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் தானாகச் சரிசெய்யும்படி வைத்தால் போதும். ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் இது திரும்ப வந்தால் பேட்டரியை மாற்றுங்கள். தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் இந்தக் குறியீடு வருகிறதா? அந்தத் தளத்தின் நிர்வாகி சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். நீங்கள் செய்யக்கூடியது அவருக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருப்பது.

‘செர்ட் காமன் நேம் இன்வேலிட்’ என்றால் பெயர் பொருந்தவில்லை. முகவரியை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டு, அது இல்லாத முகவரியை மறந்த நிர்வாகிகள் உண்டு. அப்படியானால் மற்ற முகவரி சரியாகத் திறக்கும். ஆனால் புலனத்தில் வந்த இணைப்பை அழுத்தி இந்தக் குறியீடு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீங்கள் போக நினைத்த இடம் ஒன்று, வந்து சேர்ந்த இடம் வேறொன்று என்பதற்கு இது அறிகுறியாக இருக்கலாம்.

‘செர்ட் அதாரிட்டி இன்வேலிட்’ என்றால் வெளியிட்டவரை உலாவிக்குத் தெரியவில்லை. மாணவர்கள் அதிகம் சந்திப்பது இதுதான், காரணங்களும் இங்கேதான் அதிகம். முதலில் இணைப்பை மாற்றிப் பாருங்கள். வைஃபையை விட்டுக் கைப்பேசித் தரவுக்கு மாறியதும் எச்சரிக்கை மறைந்தால், பழுது அந்த வைஃபையில். பேரங்காடி, தங்கும் விடுதி வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் ஒன்றைத் திறக்காமல் இருந்தால், அந்த வைஃபை நம் வேண்டுகோளைத் தன் பக்கத்துக்குத் திருப்பப் பார்க்கும். உலாவி அதை ஆள்மாறாட்டம் என்று சரியாகவே கண்டுபிடித்துவிடும். முதலில் வைஃபையின் உள்நுழைவை முடித்துவிட்டு வாருங்கள். கணினிக்கூடங்களில் வடிகட்டி மென்பொருளும், வீட்டுக் கணினிகளில் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் நடுவில் நின்று போக்குவரத்தைப் பிரித்துப் பார்ப்பதுண்டு. அவற்றின் சொந்தச் சான்றிதழ் நம் உலாவிக்குத் தெரியாவிட்டாலும் இதே குறியீடு வரும்.

‘செர்ட் ரிவோக்ட்’ என்றால் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டுவிட்டது. காரணம் தெரியும்வரை எதையும் தட்டாதீர்கள்.

சில தளங்களில் ‘தொடர்க’ என்ற வழியே இருக்காது. தளத்தின் உரிமையாளரே ‘சான்றிதழ் சரியில்லை என்றால் யாரையும் உள்ளே விடாதே’ என்று உலாவிக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார் என்று பொருள். வங்கிகளிலும் பெரிய மின்னஞ்சல் சேவைகளிலும் இதைப் பார்க்கலாம். உலாவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேறு உலாவியைத் தேட வேண்டாம்.

அண்ணனின் பழைய கைப்பேசி

பிடிபிஆர் நாள்களில், அதாவது வீட்டிலிருந்தே கற்ற 2020, 2021ஆம் ஆண்டுகளில், பல குடும்பங்களில் பழைய கைப்பேசிகள் தம்பி தங்கைகளின் வகுப்பறையாயின. அந்தக் காலத்தில்தான், 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற இலவசச் சான்றிதழ் சேவை நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உலகெங்கும் பல கோடி தளங்கள் அந்தச் சேவையைப் பயன்படுத்துகின்றன. அதன் புதிய வேர்ச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைப்பேசிகளில் இல்லவே இல்லை. ஆண்ட்ராய்டுக்காக ஒரு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டு, அது 2024 செப்டம்பர் வரை நீடித்தது. புதுப்பிக்கப்படாத பழைய ஐபோன்களும் கணினிகளும் அன்றே திணறின.

கருவி கெடவில்லை, தளமும் கெடவில்லை. கருவியின் நம்பிக்கைப் பட்டியல் பழையதாகிவிட்டது. கைப்பேசிக்குப் புதுப்பிப்பு இருந்தால் செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால், தனக்கென்று ஒரு வேர்ப் பட்டியலை வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நிறுவிப் பார்க்கலாம். கடையில் யாரோ சொன்னார்கள் என்று முகம் தெரியாத தளத்திலிருந்து வேர்ச் சான்றிதழை இறக்கி நிறுவுவது மட்டும் கூடாது. அப்படி நிறுவினால், அதை வெளியிட்டவர் இனி எந்தத் தளத்தின் பெயரிலும் உங்கள் கைப்பேசியை ஏமாற்றலாம்.

ஒரே தளம் ஓர் உலாவியில் திறந்து இன்னொன்றில் திறக்காததற்கும் இந்தப் பட்டியல் வேறுபாடு ஒரு காரணம். 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில், கூகுள் தளங்களுக்கான அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது கண்டுபிடிக்கப்பட்டது. விண்டோஸின் பட்டியலில் இந்திய வேர்ச் சான்றிதழ் இருந்ததால், அந்தப் பட்டியலை நம்பிய உலாவிகளுக்கு ஆபத்து இருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் அது இல்லாததால் அதற்கு இல்லை.

கல்விக்கூட வைஃபையிலும் இதே கேள்வி

மலேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருக்கும் எடுரோம் வைஃபையில் முதன்முறை இணையும்போது, ‘சிஏ சான்றிதழ்’ என்ற ஒரு வரி வரும். அதில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழிகாட்டி ஏதாவதொரு குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிச் செய்தால், அதே பெயரில் யாராவது ஒரு போலி வைஃபையை உணவகத்தில் வைத்தாலும் கைப்பேசி தானாக அதனுடன் இணைந்து, பல்கலைக்கழகக் கணக்கின் விவரங்களைக் காட்டிவிடக்கூடும். 2020 டிசம்பர் புதுப்பிப்பில் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளில் இந்தத் தேர்வையே நீக்கியது. உங்கள் கல்விக்கூடத்தின் தகவல்தொழில்நுட்பப் பிரிவு தரும் சரியான அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு

கணினித் துறையில் படிப்பவர்கள் இதே பழுதை வேறு முகத்தில் பார்ப்பார்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்காகப் பைத்தானில் எழுதிய நிரல் சர்வரோடு பேச மறுக்கும். ‘கர்ல்’ கட்டளை 60 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை: பைத்தானில் ‘வெரிஃபை’யை ‘ஃபால்ஸ்’ ஆக்கு, கர்லில் ‘கே’ என்ற குறியைச் சேர். நிரல் உடனே ஓடும். அதோடு, குடிநுழைவு முகப்பில் இருந்த அதிகாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று பொருள்.

அதற்குப் பதிலாக ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் ‘எஸ் கிளையண்ட்’ கட்டளையால் அந்தச் சர்வரோடு இணைந்து பாருங்கள். அது தரும் எண்ணே நோயின் பெயர். 9 என்றால் சான்றிதழின் தொடக்கத் தேதி இன்னும் வரவில்லை. 10 என்றால் காலாவதி. 18 என்றால் சர்வர் தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொண்டது. 19 என்றால் சங்கிலியின் முடிவில் உள்ள வேர் நம் பட்டியலில் இல்லாத ஒன்று. 20, 21 என்றால் சங்கிலியில் ஒரு கண்ணி கிடைக்கவில்லை. 62 என்றால் பெயர் பொருந்தவில்லை.

இவற்றில் மாணவர்களை அதிகம் குழப்புவது 20ம் 21ம்தான். உலாவியில் தளம் அழகாகத் திறக்கும், நிரலில் திறக்காது. காரணம், சர்வரில் தளத்தின் சான்றிதழை மட்டும் பொருத்திவிட்டு இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டார்கள். மேசைக் கணினியின் உலாவிகள் விடுபட்ட கண்ணியைத் தாமே தேடிச் சேர்த்துக்கொள்ளும். நிரலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சர்வர் உங்களுடையது என்றால் முழுச் சங்கிலியும் உள்ள கோப்பைப் பொருத்துங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை ‘செர்ட்பாட்’ கருவி மூலம் பெற்றிருந்தால் ‘ஃபுல்செயின்’ என்ற பெயரில் அந்தக் கோப்பு தயாராகவே இருக்கும்.

எல்லாத் தளங்களுக்கும் பிழை வருகிறது என்றால் குறை நம் கணினியின் வேர்ப் பட்டியலில். பைத்தானின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி மேக் கணினியில் நிறுவியவர்கள், பைத்தான் கோப்புறையில் உள்ள ‘இன்ஸ்டால் செர்டிஃபிகேட்ஸ்’ என்பதை ஒரு முறை இயக்க வேண்டும். மற்றவர்கள் ‘செர்டிஃபை’ தொகுப்பைப் புதுப்பிக்கலாம். ஆய்வுக்கூடச் சர்வர் தன் சொந்தச் சான்றிதழை வைத்திருந்தால், அந்த ஒரு சான்றிதழை விரிவுரையாளரிடம் நேரில் வாங்கி, அதை மட்டும் நம்பும்படி நிரலுக்குச் சொல்லலாம். சரிபார்ப்பு அப்போதும் நடந்துகொண்டே இருக்கும்.

சரிபார்ப்பை அணைப்பது மாணவர்களின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 2012இல் டெக்சஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலாவி அல்லாத மென்பொருள்களைச் சோதித்தபோது, அமேசான், பேபால் போன்ற பெரிய பெயர்களோடு தொடர்புடைய நிரல் தொகுப்புகளிலும் சரிபார்ப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்று கண்டார்கள். பணம் செலுத்தும் நிரல்களும் அவற்றில் இருந்தன. தற்காலிகமாகத்தானே என்று எழுதும் வரி, திட்டம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிடும்.

இனி இது அடிக்கடி வரும்

சான்றிதழின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பர் முதல் அதன் உச்சவரம்பு 398 நாள். உலாவி நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் 2025இல் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். நாள்காட்டியில் குறித்து வைத்துக் கையால் புதுப்பிக்கும் முறை இனி எடுபடாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்யாத தளங்கள் அடிக்கடி எச்சரிக்கை காட்டும்.

ஜொகூர் மாணவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. கூலாயின் செடனாக், இஸ்கண்டார் புத்ரியின் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்காக்களில் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. சர்வர்களை வைத்துப் பிழைக்கும் இடங்களில் சான்றிதழ் பழுதைக் கண்டுபிடிப்பது அன்றாட வேலை. தொழிற்பயிற்சிக்குப் போகும் முன்பே 10க்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், முதல் வாரத்திலேயே கவனிக்கப்படுவார்.

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா?

கடைசியாக ஒன்று. எச்சரிக்கை வராத தளமெல்லாம் நேர்மையான தளம் அல்ல. நீங்கள் தட்டிய முகவரிக்குச் சொந்தமான சர்வரோடுதான் பேசுகிறீர்கள் என்பதை மட்டுமே சான்றிதழ் உறுதி செய்கிறது. அந்தச் சர்வரின் உரிமையாளர் நல்லவரா என்று அது சொல்லாது. மோசடிக்காரரும் தன் முகவரிக்கு இலவசமாகச் சான்றிதழ் வாங்கலாம், வாங்குகிறார். முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுப் படத்தை மக்கள் தவறாகப் புரிந்துகொள்வதால், குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டது.

ஆகவே எச்சரிக்கை வந்தால் மூன்றே கேள்விகள். என் கருவியின் தேதியும் புதுப்பிப்பும் சரியா? வேறு இணைப்பில் சரியாகத் திறக்கிறதா? இரண்டும் சரியென்றால், அந்தத் தளத்தின் நிர்வாகிக்கு யார் சொல்வது? மூன்றாவது கேள்விக்குப் பதில் நீங்களாக இருங்கள். குறியீட்டையும் நேரத்தையும் சேர்த்துத் திரையைப் படம் பிடித்து அனுப்பினால், அவர்களின் பாதி வேலை முடிந்துவிடும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் அந்தப் படமே, நீங்கள் நேரத்தோடு முயன்றீர்கள் என்பதற்கும் சான்று. ஏற்கெனவே சந்தேகமான பக்கத்தில் வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

புலனக் குழுவில் அடுத்த முறை யாராவது கேட்டால், ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தச் சொல்வதற்கு முன், ‘என்ன குறியீடு வருகிறது?’ என்று கேளுங்கள்.